இம்மி போகமாட்டாள்

பேசக்கூடாது. இன்னும் ஐந்து நாள். கஞ்சி குடிக்கலாம், கொட்டாவி விடலாம், தலையை ஆட்டலாம், சத்தம் மட்டும் வரக்கூடாது, கிசுகிசுப்பதுகூட ஆகாது, கிசுகிசுப்பது கத்துவதைவிட மோசம் என்றார் டாக்டர், அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது இதுவும் இன்னொரு சொல்லும்தான். குரல்நாணில் ஒரு முடிச்சு, அரிசிக் குருணை அளவு, எடுத்தாகிவிட்டது, பார்த்தால் சாதாரண முடிச்சு மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம். ஆனாலும். ஒன்பது நாளாக இந்த ஆனாலும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி கிடக்கிறது. துணி மடிக்கும்போது ஆனாலும், குழாயை மூடும்போது ஆனாலும். இப்போது சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை, சாப்பாட்டு மேசையைத் துடைக்கிறேன், துடைத்த இடத்தையே துடைக்கிறேன், சமையல்கட்டில் என் வீட்டுக்காரர் வாழைக்காய் சீவுகிறார், விளையாட வருகிறவர்கள் வரப்போகிறார்கள். இந்தத் தடவை வேண்டாம் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். "சொல்லியாச்சு மங்கை, வந்துடுவாங்க" என்றார். வேண்டவே வேண்டாம் என்று எழுதினேன். "வாழைக்காய் வாங்கியாச்சு" என்றார். தணிகாசலத்தோடு இருபது வருஷத்தில் எந்தச் சண்டையும் இதற்குமேல் போனதில்லை. ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், திருகாணியை முடுக்குகிற மாதிரி ஒரு வரியில் முடுக்கிவிடுவார், அதற்குமேல் திரும்பாது.

ஜெசிந்தா வந்துவிட்டாள், தோளில் அதே துணிப்பை, அதற்குள் நோட்டுகள், பகடைகள், பென்சில் டப்பா. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர், முப்பத்தொரு வயது, பெங்களூரில் படித்தபோது இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து திருச்சியில் எங்களுக்கு ஒட்டவைத்துவிட்டாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நடமாடுவது, செய்ய நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும், அவ்வளவுதான் விளையாட்டு. கதை சொல்கிறவளைக் கண்டக்டர் என்போம், யார் ஏறுவது யார் இறங்குவது என்று அவள்தானே சொல்கிறாள். பின்னாலேயே யூசுப், மாட்டு டாக்டர், ஒல்லியான மனிதர், காற்றடித்தால் சட்டை மட்டும்தான் ஆடும், விளையாட்டில் அவர் எட்டடி உயரக் கோடாரிக்காரன் மலையப்பன். கடைசியாக வைதேகி டீச்சர், கணக்கு, வருகிற மே மாதம் ஓய்வு, முப்பத்தைந்து வருஷம் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்தவர், விளையாட்டில் அவர் பிக்பாக்கெட். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு தொண்டையைப் பார்க்கிறார்கள், பிறகு பார்க்காதது மாதிரி செருப்பைக் கழற்றுகிறார்கள். வைதேகி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, "எப்-ப-டி இ-ருக்-கே?" என்கிறார். காது நன்றாகத்தான் கேட்கிறது டீச்சர், வாய்தான். சிரிப்பு வருகிறது, சிரிக்கலாமா, சிரிப்பு சத்தத்தில் சேர்த்தியா, கேட்காமல் விட்டுவிட்டேன்.

நான் இம்மி. நடுவிரல் உயரம், தும்பி இறக்கை, ஆயுதம் ஒரு தையல் ஊசி. மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் நாள், நீங்க யாரா இருக்கப்போறீங்க டீச்சர் என்று ஜெசிந்தா கேட்டபோது, யோசிக்கவே இல்லை, ரொம்பச் சின்னதா ஒண்ணு, பறக்கணும் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "பறக்கிற ஆளைக் கொடுத்தா நான் தோண்டுற குழி, கட்டுற சுவர், எல்லாம் வீணாப்போயிடும் டீச்சர். கதவைப் பூட்டி வெச்சா சாவித்துவாரத்துல நுழைஞ்சுடுவீங்க." பேரம் பேசி முடிவு செய்தோம், இறக்கை நனைந்தால் பறக்க முடியாது, எதிர்க்காற்று என்றால் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும், கடுகு டப்பா மூடியைவிடக் கனமான எதையும் தூக்க முடியாது, யாராவது உருப்படியாக ஓர் அடி அடித்தால் தீர்ந்தது. சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி. மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரு குடம், சிலந்திவலை ஒரு மீன்பிடி வலை, மலையப்பனின் தோளில் உட்கார்ந்தால் அவன் மூச்சு அனல்காற்று. நான் ஐந்தடி பதினோரு அங்குலம். ஆறு வயதில் பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட் தர மறுத்தார்கள், அம்மா கீழே இறங்கும்வரை வாதாடினாள், பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பள்ளி நாடகத்தில் மரம், தூண், பூதம், ஒருமுறை மலை, ஒருமுறைகூடக் குழந்தை இல்லை. பிறகு குண்டு எறிதலில் சேர்த்துவிட்டார்கள், நாலு கிலோ இரும்பு, தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு சுழல வேண்டும், விட்டதும் அது போகும், எவ்வளவு லேசாகப் போகும், நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். குண்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாண போட்டோவில் போட்டோகிராபர், மேடம் கொஞ்சம் முட்டியை மடக்குங்க என்றார், நான் மடக்கப்போனேன், இந்த மனிதர், அன்றைக்குத்தான் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன், "நேரா நில்லு, நான் வேணா ஸ்டூல் போட்டுக்கறேன்" என்றார். போட்டுக்கொண்டார். ஸ்டூல் போட்டோவில் தெரிகிறது.

இம்மிக்கென்று ஒரு குரல் வைத்திருந்தேன். மைதானத்தில் நானூறு பெண்களுக்குக் கத்துகிற குரல் இல்லை, மூக்குக்கும் உச்சந்தலைக்கும் நடுவிலிருந்து எடுக்கிற மெல்லிய கீச்சுக்குரல். அது வரும்போது என் தோள்கள் தாமாகக் கீழே இறங்கும். டாக்டர் கேட்டார், நிறையக் கத்துவீங்களா. பி.டி. டீச்சர் சார் என்றேன். தொண்டையை இறுக்கி, குரலை மாத்திப் பேசுற பழக்கம் ஏதாவது உண்டா, மிமிக்ரி மாதிரி. இல்லை என்றேன். பொய். அன்றிலிருந்து இதுவும் சேர்ந்துகொண்டது, இம்மியா செய்தாள், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மும்மூன்று மணி நேரம், அந்தக் கீச்சுக்குரலா என் தொண்டைக்குள் குருணை போட்டு வைத்தது. இருக்காது. இருபது வருஷ விசில்தான். ஆனாலும். சின்னதாக இருப்பதெல்லாம் பாவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இப்போது ஒரு சின்னது என்னை உட்காரவைத்திருக்கிறது.

"இம்மிக்கு யார் பேசறது?" என்கிறாள் ஜெசிந்தா, மெதுவாக, கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி. நோட்டைத் தட்டிக் காட்டுகிறேன், எழுதிக் காட்டுகிறேன். "எழுதி, நாங்க படிச்சு, அதுக்குள்ள அடிச்சுக் கொன்னுடுவாங்களே" என்கிறார் யூசுப். "இம்மி இன்னிக்குத் தூங்கட்டும், மலையப்பன் சட்டைப்பையிலே" என்கிறார் வைதேகி டீச்சர். தூங்குவதா. பரவாயில்லை என்று தலையாட்டுகிறேன், பரவாயில்லை என்பதற்குத் தலையாட்டுவது எவ்வளவு சுலபம், ஒன்பது நாளாக எல்லாவற்றுக்கும் அதையே ஆட்டுகிறேன். அப்போது சமையல்கட்டு வாசலில் துண்டில் கை துடைத்துக்கொண்டே இவர், "நான் பேசறேன்." நாங்கள் நாலு பேரும் திரும்புகிறோம். மூன்று வருஷமாக பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, யாரை அடிச்சீங்க இன்னிக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறவர், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. "உங்களுக்கு விளையாட்டு தெரியுமாண்ணா?" என்கிறாள் ஜெசிந்தா. "விளையாட்டு தெரியாது. இம்மியைத் தெரியும்." என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசைமேல் இரண்டு கையையும் வைத்து, தொண்டையைச் செருமி, மீசை அசைய, "இம்மி வந்துட்டேன்" என்கிறார், என்ஜின் ஷெட்டில் பேர் கூப்பிட்டால் ஆஜர் சொல்கிற அதே கனத்த குரலில். யூசுப் சிரித்து டீயைச் சிந்திவிட்டார். எனக்குக் காது கூசியது, வேண்டாம், அவளைத் தொடாதீர்கள், அவளுக்கு இறக்கை ஒடிந்துவிடும், எழுந்து உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

கதை போன தடவை நின்ற இடத்திலிருந்து தொடங்கியது, ஒரு பாழடைந்த மண்டபம், அதற்குள் எங்கேயோ தொலைந்துபோன ஊர்மணி இருக்கிறது, எடுத்துவர வேண்டும். மண்டபத்துக்குள் நுழையறீங்க என்றாள் ஜெசிந்தா. "இம்மி முதல்ல இறக்கையைத் துடைச்சுப்பா" என்றார் இவர். "எந்த இடத்துக்குள்ள போனாலும் துடைச்சுப்பா. வாசல் எத்தனைன்னு எண்ணுவா. எத்தனை இருக்கு?" ஜெசிந்தா நோட்டைப் பார்த்து மூன்று என்றாள். நான் துடைப்பேன், ஆமாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் துடைப்பேன் என்று எனக்கே தெரியாதே. கூரையில் வௌவால் கூட்டம் என்றாள். யூசுப் கோடாரியைத் தூக்கினார். "அடிக்கக் கூடாது டாக்டர்" என்றார் இவர், "உப்புக்கோட்டையில இம்மி கிணத்துக்குள்ள மாட்டிக்கிட்டப்ப வௌவால்தான் மேலே கொண்டுவந்து விட்டுச்சு. இனி உங்க ஜாதியில யாரையும் தொடமாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கா." உப்புக்கோட்டையா, அது எப்போது, ஜெசிந்தா பழைய நோட்டை எடுத்துப் பின்னால் பின்னால் புரட்டுகிறாள், புரட்டி, விரலை வைத்து, "ஆமாண்ணா. ரெண்டு வருஷம் முந்தி. நானே மறந்துட்டேன்." வைதேகி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "எங்க இருந்துய்யா இதெல்லாம் கேட்டே?" "வெங்காயம் நறுக்கும்போது கேக்கும் டீச்சர்." தலைநிமிராமல் சொன்னார். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன், சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் பாதி ஏறி நிற்கிற சுவர், அதற்குப் பின்னால் மூன்று வருஷம் எண்ணெய்ச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருக்கிறார், நான் என்னவோ மூன்று வருஷமும் தனியாகப் பறந்துகொண்டிருந்ததாக நினைத்திருக்கிறேன்.

மடியில் போன் அதிர்ந்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து. உங்கள் ரிப்போர்ட் தயார், திறக்க இங்கே அழுத்தவும். திங்கட்கிழமை என்றார்களே, திங்கட்கிழமை போய் வாங்கிக்கொள்ளலாம் என்று அதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக வைத்திருந்தேனே, அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தாலும் அதற்குள் இருக்கிறது. எங்கள் வகுப்பில் முன்பு ஒரு சண்முகவடிவு இருந்தாள், மார்க் ஷீட்டை மடித்துப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு நாள் முழுக்க நொண்டி விளையாடினாள், இப்போது எங்கே இருக்கிறாளோ. ஒருவேளை. ஒருவேளை என்றால் குரலையே எடுத்துவிடுவார்களா, தொண்டையில் துளை போட்டு, விசில்கூட ஊத முடியாமல், இல்லை, அப்படியெல்லாம் இல்லை, ஆனாலும். பஜ்ஜி ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன், ஆறிப்போயிருந்தது, மென்றுகொண்டே இருந்தேன். கேமரா விட்டுப் பார்த்த அன்றைக்கும், ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைகளுக்கும், இவர் கூட வருகிறேன் என்றார். எதுக்கு லீவு போட்டுக்கிட்டு, நான் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வர்றேன், நீங்க டூட்டிக்குக் கிளம்புங்க என்றேன். ஆபரேஷன் அன்றைக்குக்கூட, தியேட்டர் கதவில், வெளியே நில்லுங்க என்று கையைத்தான் காட்டினேன். நின்றார். ஸ்ட்ரெச்சரில் என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, போர்வையை இழுத்து இழுத்து மூடினார், அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"மண்டபத்துக்குக் கோடியில ஒரு கல். கல்லுல ஒரு துளை, தேங்காய் அளவு" என்கிறாள் ஜெசிந்தா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த இடங்களில் அவள் கைகள் அழகாக இருக்கும். "துளையிலேருந்து வெதுவெதுன்னு காத்து வருது. போகுது. வருது. யாரோ மூச்சு விடற மாதிரி." எல்லோரும் வழக்கம்போல் என்னைப் பார்த்தார்கள், பிறகு நினைவு வந்து இவரைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் இம்மி என்ன சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும், மூன்று வருஷத்தில் எல்லாத் துளைக்கும் எல்லாக் குகைக்கும் ஒரே வரிதான், நீங்க நில்லுங்க, நான் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வர்றேன். யூசுப் பகடையை எடுத்து இவர் பக்கம் நகர்த்தியும்விட்டார். இவர் பகடையைத் தொடவில்லை. "இம்மி போகமாட்டா" என்றார். "ஏண்ணா?" "பயமா இருக்கு." "இம்மிக்குப் பயமே கிடையாதே" என்று சிரித்தாள் ஜெசிந்தா. "இருக்கு. சொல்லமாட்டா. எப்பவும் அவளே ஏன் முன்னாடி போகணும்? ஒரு விரல் உசரம்தான் இருக்கா. யாரும் வேணாம்னுட்டு உள்ள போயிடறா. வெளியில நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? திரும்பி வர்றாளா, என்ன ஆச்சு, ஒண்ணும் தெரியாது. நின்னுக்கிட்டே இருக்கணும். அங்க ஒரு நாற்காலிகூட…" நிறுத்திவிட்டார். மண்டபத்தில் ஏது நாற்காலி. மின்விசிறி காகிதங்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இவர் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார், காதெல்லாம் சிவந்துவிட்டது, இருபது வருஷத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் எழுந்தேன். நாற்காலி கீழே விழுந்தது, என் உடம்பு அப்படித்தான், எழுந்தால் ஏதாவது விழும். அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன், போனை அவர் கையில் வைத்தேன், குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். போனைத் திறக்கிற சத்தம். கண்ணாடியைத் தேடி மேல்பையைத் தடவுகிற சத்தம். "மங்கை." உம். உம் சொல்லவில்லை, நினைத்தேன். "நோ எவிடென்ஸ்னு போட்டிருக்கு. அப்படின்னா? பத்தலேன்னு சொல்றாங்களா? இன்னொரு தடவை எடுக்கணுமா?" எனக்குத் தெரியும், பி.எட். படித்தவள், எவ்வளவு எளிய இங்கிலீஷ், ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சொற்கள் கூழாங்கல்லாக நின்றன, எதற்கு சாட்சி இல்லை, யார் சாட்சி, திரும்பிப் பார்த்தேன், அவர் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "டாக்டர்! கொஞ்சம் வாங்க!" யூசுப் ஓடி வந்தார், பின்னாலேயே ஜெசிந்தா, பின்னாலேயே பஜ்ஜியோடு வைதேகி டீச்சர். யூசுப் வாங்கி, விரலால் பெரிதாக்கி, முதலிலிருந்து வாசித்தார், உதடு அசைந்தது, கீழே இறக்கினார், திரும்ப மேலே ஏற்றினார். "நான் மாட்டுக்குத்தான் பார்க்கிறவன். ஆனாலும்," என்றார், அந்தச் சொல்லை அவரும் சொன்னார், "இது எனக்குத் தெரியும். புத்துநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கு. சாதாரண முடிச்சு. கத்துனதால வந்தது. அவ்வளவுதான் டீச்சர், ஒண்ணும் இல்லை." வைதேகி டீச்சர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கினார், அவர்தான் முதலில் அழுதார். இவர் போனை வாங்கி, அணைத்து, துண்டால் அதைத் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாமேல் வைத்தார். பிறகு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார், அணைந்துதான் இருந்தது, இன்னொரு தடவை பார்த்தார். நான் குனிந்தேன், எனக்குக் குனியத் தெரியும், இத்தனை வருஷம் வெட்கத்தில் குனிந்திருக்கிறேன், இப்போது அவர் உச்சந்தலையில் நெற்றியை வைத்துக்கொள்வதற்காகக் குனிந்தேன். எண்ணெய் வாசம், கடலைமாவு வாசம். மற்ற மூவரும் சுவரில் இருந்த காலண்டரை மிகக் கவனமாகப் படித்தார்கள்.

முகம் கழுவிக்கொண்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். போய்விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. "துளை அப்படியேதான் இருக்கு" என்றாள் ஜெசிந்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் நோட்டை எடுத்து, பக்கம் முழுக்க, பெரிய எழுத்தில், இம்மி போவாள் என்று எழுதி இவர் முன்னால் வைத்தேன். எனக்குப் பறக்க வேண்டும்போல இருந்தது, அந்த வெதுவெதுப்பான காற்று என்னவென்று பார்க்க வேண்டும்போல. அவர் படித்துவிட்டு நோட்டை மூடினார். "போகமாட்டா. சொன்னா சொன்னதுதான்." திறந்து, அடிக்கோடு போட்டேன். "எழுதுறதெல்லாம் செல்லாது. இன்னிக்கு வாய் என்னோடது." யூசுப் மேசையைத் தட்டிச் சிரித்தார், எனக்கும் தோள் குலுங்கியது, சத்தம் வராமல் தொண்டையைக் கையால் அழுத்திக்கொண்டேன். "மலையப்பன் துளைக்குள்ள நுழைய முடியாது, சரி" என்றார் யூசுப், "கை நுழையுமா?" ஜெசிந்தா யோசித்தாள். "முழங்கை வரைக்கும் நுழையும்." "அப்போ கையை விடறேன்." சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் ஒல்லிக் கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினார், சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தி. இவர் அந்த விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், பணிமனையில் நுண்ணிய திருகாணியைப் பிடிக்கிற மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா சொன்னாள், "உள்ள ஒரே இருட்டு. மூச்சு கிட்டத்துல கேக்குது." இவர் வாயைத் திறந்தார், வந்தது அவர் குரல் இல்லை, மெல்லிசாக, மூக்குக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் எங்கிருந்தோ, மீசைக்குக் கீழே நடுங்கிக்கொண்டு, யாரும் சிரிக்கவில்லை.

"விட்டுடாதீங்க."

"விடலை" என்றார் யூசுப். "போ."